கேட்போர்க்கு வழிவிட்ட கச்சேரி

நியூ டவுனில் அண்டை வீட்டாரான வங்காள நண்பர் ஒருவரைக் கருநாடக இசைக் கச்சேரி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அலுவலகம் விட்டுச் சென்றதால், நாங்கள் நுழைகையில் இராக ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. "இதை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?" என்றார் நண்பர்.

அவ்வினாவுக்கு மேடையிலேயே விடை கண்டவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967). அவருக்கு முந்திய நாளில் பல்லவியே கச்சேரியின் பெரும்பொழுதைக் கொள்ளும். தாளக் கணக்கறிந்தார் களிப்பர். அறியாதார் கொட்டாவி விடுவர். சபாக்கள் பெருகி, சீட்டு வாங்கி வருவோர் பலதிறத்தாரான காலத்தில் அம்முறை செல்லுமா? ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கினார். விறுவிறுப்பான கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடிச் செவியைப் பழக்கிய பின்னரே விரிவான இராகத்துக்குச் சென்றார். பல்லவியைச் சுருக்கினார், கைவிட்டாரல்லர். இறுதியில் துக்கடாக்கள். திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தவரும் அவரே.

மொழித் தடையை 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் எதிர்கொண்டன. இசைக்கு மொழி எதற்கு என்றாரும் உளர். அது முற்றும் பொய்யன்று. தெலுங்கு அறியாமலே தியாகையரிடம் உருகுவோர் நம்மிடை எத்தனை பேர்! ஆயினும் முதற்படி ஏறுபவனுக்குத் தெரிந்த சொல் ஒரு கைப்பிடி.

நண்பரிடம் இவ்வளவும் உரைக்கவில்லை. "அடுத்தமுறை வர்ணத்துக்கே வந்துவிடுவோம்" என்றேன். அன்று எனக்கு முன்னரே வந்து, முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்.