எண்ணும் பயனும்: 2147483647 பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணிதத்தைச் சமூகத்துக்குப் புறம்பான தூய அறிவாகக் கொள்ளும் போக்கு ஒருபுறமும், உடனடிப் பயனையே அறிவின் அளவுகோலாக்கும் போக்கு மறுபுறமும் கல்வியுலகில் நிலவுகின்றன. இவ்விரண்டும் வரலாற்றோடு எவ்வளவு தூரம் பொருந்துவன என்பதை ஓர் எண்ணைக் கொண்டு ஆராய்தல் தகும்.

2147483647 என்பது 2 இன் 31 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கப் பெறப்படுவது. தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதொரு முழுவெண்ணால் மீதியின்றி வகுபடாமையின் இது முதன்மை எண். 2 இன் வலுவிலும் ஒன்று குறைந்த முதன்மை எண்கள் மேர்சென் முதன்மை எண்கள் எனப்படும். அவ்வரிசையில் இது எட்டாவது. வலுவாய் நிற்கும் 31 உம் அவ்வினத்ததே. ஆதலின் இதனை இரட்டை மேர்சென் எண் எனவும் வகைப்படுத்துவர். இதனை 2 இன் 30 ஆம் வலுவாற் பெருக்கவரும் 2305843008139952128, தன்னையொழிந்த தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான செவ்விய எண்ணாகும். இத்தொடர்பின் அடிப்படையை யூக்கிளிட்டே நிறுவியிருந்தார்.

பாரிஸ் துறவி மரின் மேர்சென் 1644 இல் வெளியிட்ட வலுக்களின் பட்டியலில் 31 இடம்பெற்றது. ஆயின் அப்பட்டியலில் 67, 257 என்பன தவறாகச் சேர்ந்தன. 61, 89, 107 என்பன விடுபட்டன. 31 பற்றிய ஐயந்திரிபற்ற நிறுவலை 1772 இல் அளித்தவர், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இரண்டாம் கத்தரீனின் ஆட்சிக்காலத்திற் பணியாற்றிய ஒயிலர். அப்பொழுது அவர் பெரும்பாலும் பார்வையிழந்திருந்தார். காரணி ஏதுமிருப்பின் அது 248 ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தருவதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட வழி. இதனால் ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் நூற்றுக்குட்பட்டனவாகச் சுருங்கின. கோட்பாடு உழைப்பைச் சிக்கனப்படுத்தும் கருவி என்பதற்கு இது தக்க சான்று.

1811 இல் வூலிச் இராணுவக் கழக ஆசிரியர் பீற்றர் பார்லோ, இவ்வெண்வழிப் பிறக்கும் செவ்விய எண்ணுக்கு அப்பால் எவரும் தேடப்போவதில்லை எனக் கருதினார். அத்தகைய எண்கள் ஆர்வத்துக்குரியனவேயன்றிப் பயனுடையனவல்ல என்பது அவர் காட்டிய காரணம். நெப்போலியப் போர்க்காலத்து இராணுவக் கழகமொன்றிற் பயன் என்பதன் பொருளைப் பீரங்கியும் கடற்படையும் வரையறுத்தமை வியப்பன்று. எனினும் 1876 இலேயே லூக்காஸ் 39 இலக்கங் கொண்ட மேர்சென் முதன்மை எண்ணை நிறுவினார்.

இருபதாம் நூற்றாண்டின் மின்கணினி நிலைமையை முற்றாக மாற்றிற்று. 32 துவித இலக்கங்களுள் ஒன்று குறிக்கு ஒதுக்கப்படுமிடத்து, எஞ்சிய 31 இல் அடங்கும் மிகப்பெரிய எண் இதுவே. 1970 தொடக்கத்திலிருந்து செக்கன்களை இவ்வாறு எண்ணும் கணினிகள் 2038 ஜனவரி 19 இல் இவ்வெல்லையை எட்டும். இங்கு பயன்படுவது எண்ணின் பருமனேயன்றி அதன் முதன்மைத் தன்மையன்று. ஆனால், 1969 இல் ஐ.பி.எம். 360 கணினிக்கென வகுக்கப்பட்ட எழுமாற்றெண் ஆக்கமுறைக்கு அம் முதன்மைத் தன்மையே ஆதாரமாயிற்று. பார்லோ பயனற்றதெனக் கொண்ட பண்பு, உற்பத்திக் கருவிகள் மாறியதும் பயனுடையதாயிற்று.

இவ்வெண் முதன்மை எண் என்பது எச்சமூகத்திலும் மாறாத உண்மை. மாறுவது, அவ்வுண்மையைத் தேடுவதற்கான வாய்ப்பும் அதற்கு வழங்கப்படும் மதிப்புமே. பயனென்பது எண்ணில் உறையும் பண்பன்று. சமூக உறவுகளிற் பிறப்பது. இன்றைய சந்தையின் தேவை கொண்டு பல்கலைக்கழக ஆய்வின் தகுதியை அளக்க முனைவோர், 1811 இன் தீர்ப்பையே மீண்டும் எழுதுகின்றனர்.