இழந்த கையைத் தேடிப் போன புகைப்படக் கலைஞர்

1926 ஆம் ஆண்டு செக் பில்ஹார்மோனிக் இசைக்குழு இத்தாலிக்குக் கச்சேரிகள் நடத்தச் சென்றபோது, அக்குழுவிலிருந்த நண்பர்களோடு முப்பது வயதான ஒருவரும் புறப்பட்டுப் போனார். அவர் வாத்தியக் கலைஞர் அல்லர். வலது கையைத் தோளோடு இழந்தவர். ஓர் இரவு, கச்சேரி நடந்துகொண்டிருந்தபோதே மண்டபத்தை விட்டு வெளியேறி இருளில் நடக்கத் தொடங்கினார். வழி தவறியது. நகரைத் தாண்டி வெகுதூரம் வந்து, விடியும் வேளையில், பனி படர்ந்த வயல்களுக்கிடையே தாம் தேடிய இடத்தைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், போர்முனையில் காயம்பட்ட அவரைத் தூக்கிவந்து கிடத்திய குடியானவர் வீடு அங்கே அப்படியே நின்றது. அவருடைய கை மட்டும் அங்கே இருக்கவில்லை.

குழுவினர் பொலிசாரைக் கொண்டு தேடுவித்தார்கள். அவர் பிராக் நகருக்குத் திரும்பி வர இரண்டு மாதங்கள் சென்றன. அதன்பின் அவர் வெளிநாடு எங்கும் போகவில்லை.

அவர் பெயர் யோசெப் சுடெக். 1896 இல் பொஹீமியாவின் கொலின் நகரில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். பிராக்கில் புத்தகம் கட்டும் தொழிலைப் பழகினார். 1915 இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையில் சேர்க்கப்பட்டு இத்தாலிய முனைக்கு அனுப்பப்பட்டபோதே அவரிடம் ஒரு கமரா இருந்தது. அவரைத் தாக்கிய எறிகணைச் சிதறல் எதிரியுடையதல்ல, அவருடைய சொந்தப் பக்கத்துப் பீரங்கியினது. நஞ்சேறிய கையை வைத்தியர்கள் தோள்வரை வெட்டி நீக்கினார்கள். புத்தகம் கட்ட இரண்டு கைகள் வேண்டும். அந்தத் தொழில் அத்தோடு முடிந்தது.

போரில் அங்கவீனமுற்ற படையினருக்கென்று பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இன்வலிடோவ்னா என்ற பெரிய விடுதி பிராக்கில் உண்டு. சுடெக் அங்கு வாழ்ந்தார். 1922 முதல் 1927 வரை அங்கிருந்தவர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களில் புண்களோ வெட்டுண்ட அவயவங்களோ முன்னுக்கு வந்து நிற்பதில்லை. மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். புகையும் யன்னல் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து அவர்களுடைய உருவங்களை அரைகுறையாக மூடுகின்றன. எடுத்தவரும் அவர்களில் ஒருவர் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உணரலாம்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எமது யுத்த காலத்தில் கை கால் இழந்தவர்களின் படங்களை எத்தனையோ தடவை பத்திரிகைப் பக்கங்களில் நானே வைத்திருக்கிறேன். கீழே பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்த மனிதரின் கையில் ஒரு கமராவைக் கொடுத்தால் அவர் எதைப் பார்ப்பார் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. சுடெக்கின் படங்களைக் கண்ட பிறகே அந்தக் கேள்வி எழுந்தது. காலம் கடந்து எழுந்தது.

புகைப்படக்கலை மனக்காயத்தை ஆற்றும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். சுடெக்கின் வாழ்வை வைத்து அதை நிறுவ முயல்பவர்கள் 1926 ஐ மறந்துவிடலாகாது. அப்போது அவர் கற்றுத் தேறிய புகைப்படக்காரர். அரச வரைகலைப் பள்ளியில் கரெல் நோவாக்கிடம் பயின்றவர். 1924 இல் செக் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இருந்தும் அந்த இரவில் கையைத் தேடிப் போனார். ஆனால் அங்கே கை இல்லை என்பதைக் கண்ணால் கண்டு திரும்பிய பின்னரே நாம் அறிந்த சுடெக் உருவானார் என்பது என் எண்ணம். 1928 இல் புனித வீத்துஸ் பேராலயத்தின் கட்டுமானப் பணிகளைக் காட்டும் பதினைந்து படங்களின் தொகுப்பு வெளிவந்தது. தூண்களுக்கிடையே சரியும் வெயிலும் கல்லும் மண்வெட்டியும் அதில் ஒரே மதிப்போடு நிற்கின்றன.

1927 முதல் அவருடைய உலகம் ஊயெஸ்த் தெருவின் ஒரு முற்றத்தில் இருந்த சிறிய மரக் கொட்டகை. 1939 இல் ஜேர்மனியர் பிராக்கைக் கைப்பற்றிய பின் தெருவில் கமராவோடு நடமாடுவது சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. 1940 இல் அவர் கமராவைத் தம் யன்னலை நோக்கித் திருப்பினார். கண்ணாடியில் வழியும் நீர், உறைபனி, அப்பால் முறுகி வளைந்த ஒரு மரம். பதினான்கு ஆண்டுகள் அதே யன்னலை எடுத்தார். அதே ஆண்டில், சார்த்ர் தேவாலயச் சிலை ஒன்றின் பழைய படத்தைக் கண்டு, இனி நெகட்டிவைப் பெருப்பிப்பதில்லை, அதை நேரே தாளின்மேல் வைத்தே அச்சிடுவது என்று முடிவு செய்தார். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கமரா வேண்டும். ஒற்றைக் கைக்காரர் பாரமான கமராவையும் முக்காலியையும் தோளில் சுமந்து நடந்தார். கை போதாதபோது மடியும் பற்களும் உதவின. 1959 இல் வெளிவந்த பிராக் அகலக்காட்சி நூலின் 284 படங்களும் இப்படிச் சுமந்து எடுத்தவையே.

அவருடைய படங்களில் மனிதர்கள் பின்னாளில் அநேகமாக இல்லாமற் போனார்கள். ஐம்பதுகளில் பெஸ்கிடி மலைகளிலுள்ள மியோன்ஷி என்ற ஆதிக்காட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, கிளை ஒடிந்து பட்டுப்போய் நின்ற மரங்களை எடுத்தார். அந்தத் தொடருக்கு அவர் இட்ட பெயர் 'மறைந்த சிலைகள்'.

உலகப் போர் முடிந்ததும் சோனியா புல்லாத்தி என்ற இளம் யூதப் பெண் அந்தக் கொட்டகைக்கு உதவியாளராக வந்தார். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி, பிராக்குக்குத் திரும்பியவர். இருட்டறை வேலையை அங்கே பழகி, 1947 இல் நியூயோர்க் சென்று, தாமும் புகைப்படக் கலைஞரானார். சுடெக் 1976 இல் காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின் புல்லாத்தி வெளியிட்ட நூலில்தான், கையைத் தேடிப் போன அந்த இரவின் கதை சுடெக்கின் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கிறது.