திரைக்குப் பின்னால் ஒரு ஆள்

சினிமா விளம்பரத்தில் கடைசியாக எறும்பு வரிசை மாதிரி ஓடும் பெயர்களை யார் வாசிக்கப்போகிறார்கள்? 2001 ஏப்ரல் வாக்கில் அமெரிக்காவில் சிலர் வாசித்தார்கள். ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ பட விளம்பரத்தில், ‘ஜனீன் சாலா, உணர்வுள்ள இயந்திரங்களுக்கான சிகிச்சையாளர்’ என்று ஒரு வரி இருந்தது. அப்படியொரு வேலையே உலகத்தில் கிடையாது. பெயரை இணையத்தில் தேடினால், அவர் வேலை பார்க்கும் ‘பெங்களூர் உலகப் பல்கலைக்கழக’த்தின் தளம் வந்தது. அங்கே காலம் 2142. அந்தத் தளத்திலிருந்து இன்னொரு தளம், பிறகு ஒரு போன் நம்பர், கடைசியில் ஈவன் சான் என்பவரின் மர்மச் சாவு.

இதுதான் ‘தி பீஸ்ட்’. ஆல்டர்னேட் ரியாலிட்டி கேம், சுருக்கமாக ஏ.ஆர்.ஜி., என்கிற வகையின் வரலாற்றை இங்கிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். செய்தது மைக்ரோசாஃப்டில் இருந்த ஒரு சின்ன அணி: ஜோர்டன் வைஸ்மன், இலான் லீ, எழுத்தாளர் ஷான் ஸ்டூவர்ட் முதலியோர். ‘இது விளையாட்டு அல்ல’ என்பதே அவர்கள் விதி. விளையாட்டு தன்னை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளவே கூடாது.

மூன்று மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த புதிர்களை ஆட்டக்காரர்கள் முதல் நாளே உடைத்துப் போட்டார்கள். அணி ஆடிப்போயிடுச்சு. தனியாளாக யாரும் உடைக்கவில்லை. ‘கிளவுட்மேக்கர்ஸ்’ என்ற குழுவில் 7,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கு நிரலாக்கம் தெரியும், இன்னொருத்தருக்கு இசை, வேறொருத்தருக்கு ஜெர்மன். அதற்குப் பிறகு கதையை வாராவாரம் எழுத வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர்கள் எதை நம்புகிறார்கள், எங்கே வழி தவறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதினார்கள். வழக்கமாகக் கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவார், அவ்வளவுதான். இங்கே அந்த ‘உம்’முக்கு ஏற்ப அடுத்த அத்தியாயமே மாறியது. கூட்டுக் கதைசொல்லல் என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்: எல்லாரும் எழுதுவது முக்கியமில்லை, எழுதுகிறவர் காது கொடுப்பதுதான் முக்கியம்.

2004இல் வந்த ‘ஐ லவ் பீஸ்’ ஆட்டம் வெறும் இட அளவைகளையும் நேரங்களையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. அவை பொதுத் தொலைபேசிகள் இருக்கும் இடங்கள் என்று ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். போய் நின்றால் போன் அடித்தது. 2007இல் ‘வேர்ல்ட் வித்தவுட் ஆயில்’ இன்னும் ஒரு படி மேலே போனது. எண்ணெய் தட்டுப்பாடு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, 32 நாள்களை 32 வாரங்களாகப் பாவித்து, ஆட்டக்காரர்கள் தங்கள் ஊரில் என்ன ஆகும் என்று எழுதினார்கள்.

எனக்கு உறுத்துவது இடையில் நடந்த ஒன்று. ‘தி பீஸ்ட்’ 2001 ஜூலையில் முடிந்தது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்ததும், கிளவுட்மேக்கர்ஸில் சிலர் இதையும் நாம் சேர்ந்து ‘தீர்த்து’ விடலாம் என்று கிளம்பினார்கள். கெட்ட எண்ணம் இல்லை. கைக்குப் பழகிய வித்தை, அவ்வளவுதான். ஆனால் குழுவை நடத்தியவர்கள், இது புதிர் இல்லை என்று சொல்லி நிறுத்தினார்கள்.

2017இல் தொடங்கிய கியூஅனானில் அப்படி நிறுத்த ஒருவரும் இல்லை. அங்கேயும் துப்பு உண்டு, சேர்ந்து தேடும் கூட்டம் உண்டு, கண்டுபிடித்த பூரிப்பும் உண்டு. கிளவுட்மேக்கர்ஸ் நெறியாளர்களில் ஒருவரான ஏட்ரியன் ஹான் 2020இல் இந்த ஒற்றுமையைப் பற்றியே எழுதினார். சம்பந்தமில்லாத புள்ளிகளை யார் வேண்டுமானாலும் கோடு போட்டு இணைக்கலாம். ஏ.ஆர்.ஜி.யில் தவறான கோட்டைப் பார்த்ததும் பதறி, மறுநாளே கதையைத் திருப்பிவிட திரைக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார். ஒரு தேதியில் திரையை விலக்கி ‘முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க’ என்று சொல்லவும் செய்தார்.

ஆகவே, இப்படியொரு ஆட்டம் கட்ட ஆசைப்படும் நண்பர்களிடம் நான் புதிர்களைப் பற்றிக் கேட்பதில்லை. எப்போ முடிப்பீங்க, யார் வந்து சொல்வீங்க என்றுதான் கேட்கிறேன்.