அரசியின் பெயரில் ஓர் அரங்கம், நம் வரலாற்றில் ஓரிடம்



நம் பிள்ளைகள் நாள்தோறும் காலையில் அணிவகுத்து நின்று 'மாஜுலா சிங்கப்பூரா' பாடுகின்றனர். அப்பாடல் முதன்முதலில் எங்கே ஒலித்தது என்று தொடக்கநிலை நான்கு மாணவர்களிடம் ஒருமுறை வினவினேன். சிலர் பாடாங் திடல் என்றனர். சிலர் நாடாளுமன்றம் என்றனர். விடை அவ்விரண்டிற்கும் அருகிலேயே உள்ளது. எம்பிரஸ் பிளேசில் மணிக்கூண்டுடன் நிற்கும் விக்டோரியா அரங்கமே அவ்விடம்.

நான் விடையைக் கூறியதும் ஒரு மாணவி, நம் நாட்டுப் பாடல் பிறந்த இடத்திற்கு இங்கிலாந்து அரசியின் பெயர் ஏன் என்று கேட்டாள். அந்நியர் ஆட்சியின் சின்னத்தை நாம் ஏன் காக்க வேண்டும் என்னும் பெரிய வினாவும் அதற்குள் அடங்கியிருந்தது. அன்று சுருக்கமாகத் தந்த விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சிங்கப்பூர் ஒரு சிறிய துறைமுக நகராக இருந்த காலத்தில், 1855-ஆம் ஆண்டு, அதற்கு ஒரு நகரமண்டபம் கட்ட அடிக்கல் நாட்டப்பட்டது. பணி 1862-இல் நிறைவுற்றது. கீழ்த்தளத்தில் நாடக அரங்கும் மேல்தளத்தில் அலுவலகங்களும் கூட்ட அறைகளும் இருந்தன. அதே ஆண்டில், நமது தேசிய நூலகத்தின் முன்னோடியாகிய சிங்கப்பூர் நூலகமும் அங்கே இடம்பெயர்ந்தது. நாடகம், நூல், நிர்வாகம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இயங்கின.

விக்டோரியா அரசியார் 1901-இல் மறைந்தார். அவர் நினைவாகப் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு பக்கத்திலேயே ஒரு நினைவு மண்டபம் எழுப்பப்பட்டு, 1905-இல் திறக்கப்பட்டது. இரண்டையும் இணைக்கும் மணிக்கூண்டு 54 மீட்டர் உயரமுடையது. பழைய நகரமண்டபம் 1909-இல் முழுமையான நாடக அரங்காக மாறியது. இதுவரை இக்கட்டடத்தின் கதை பெரும்பாலும் ஆட்சியாளரின் கதையே.

போர் அக்கதையை மாற்றியது. ஜப்பானியரின் குண்டுவீச்சில் காயமுற்றோருக்கு நினைவு மண்டபம் மருத்துவமனையாயிற்று. போர் முடிந்தபின் போர்க்குற்ற விசாரணைகள் அங்கே நடைபெற்றன. 'சூக் சிங்' படுகொலைக்காக ஜப்பானிய இராணுவ அதிகாரிகள் எழுவர் 1947-இல் அங்கேதான் விசாரிக்கப்பட்டனர். இருவருக்கு மரண தண்டனையும் ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. உற்றாரை இழந்த மக்கள் நீதி கேட்டு நோக்கிய மண்டபம் அது.

1954 நவம்பர் 21-ஆம் நாள் மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டமும் அம்மண்டபத்தில் நடந்தது. நான்காண்டுகளுக்குப் பின், புதுப்பிக்கப்பட்ட நாடக அரங்கின் திறப்பையொட்டி நகராண்மைக் கழகம் ஒரு பாடலை இயற்றித் தருமாறு ஸுபிர் சயித் அவர்களைக் கேட்டுக்கொண்டது. சுமத்திராவில் பிறந்து சிங்கப்பூருக்கு வந்த அவ்விசைக்கலைஞர் சொல்லும் இசையும் தாமே அமைத்தார். 1958 செப்டம்பர் 6-ஆம் நாள் அப்பாடல் அங்கே முதன்முறையாக ஒலித்தது. மறு ஆண்டில் சுருக்கப்பட்ட வடிவில் அதுவே நாட்டுப் பாடலாயிற்று. பின்னாளில் நம் தமிழ் நாடகங்களும் அதே மேடையில் அரங்கேறின.

மாணவியின் வினாவிற்கு விடை இதுவே. கட்டடத்திற்குப் பெயர் சூட்டியவர்கள் ஆண்டவர்கள். அதற்குப் பொருள் தந்தவர்கள் அதில் கூடிய மக்கள். பெயருக்காக அதை இடித்திருந்தால், நம் முன்னோரின் கண்ணீரும் நம்பிக்கையும் குரலும் பதிந்த இடத்தையும் சேர்த்தே இழந்திருப்போம்.

இக்கட்டடம் 1992-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2010 முதல் நான்காண்டுகள் நடந்த சீரமைப்புக்குப் பின் 2014 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. நாடக அரங்கின் பழைய இருக்கைகளின் மரமும் வார்ப்பிரும்பும் புதிய சுவர்களை அணிசெய்கின்றன. பழையது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படாமல் புதியதன் உறுப்பாக வாழ்வது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, அடுத்த முறை பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றால் அம்மணிக்கூண்டின் கீழ்ச் சற்று நில்லுங்கள். நாள்தோறும் பாடும் பாடல் இங்கேதான் முதலில் கேட்டது என்று தமிழிலேயே சொல்லுங்கள். மறுநாள் காலை அணிவகுப்பில் அவர்கள் அதைப் பாடும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள்.