மண்ணும் மரப்பெட்டியும்: அயர்லாந்துக் கிராமங்களில் பங்குச் சாமியார்

அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் 1937 முதல் 1939 வரை 26 மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே ஊர்க்கதைகளைத் திரட்டியது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதிவந்த அந்த நோட்டுகளில் பங்குச் சாமியார் மந்திரவாதிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்: நோய் தீர்ப்பார், பாயும் குதிரையை நின்ற இடத்தில் நிறுத்துவார். குடிப்பழக்கத்தால் ஆயர் விலக்கிவைத்த சாமியாருக்கே குணமாக்கும் வரம் கூடுதல் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆயர் பறித்த பட்டத்தை ஊர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது!

வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்து போஹோவில் 1815இல் இறந்த ஜேம்ஸ் மகிர் சாமியாரின் கல்லறை மண் இன்றும் மருந்து. ஒரு கரண்டி மண்ணைப் பொட்டலம் கட்டித் தலையணைக்கடியில் வைத்துப் படுத்து, நான்கு நாளுக்குள் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். ஸ்வான்சி பல்கலைக்கழகத்தார் இருந்த ஆய்வுக்குழு அவ்வூர் மண்ணில், மருந்துக்கு அடங்காத சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் நுண்ணுயிரி ஒன்றைக் கண்டு 2018இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடத் தட்டில் நடந்ததைத் தலையணைக்குச் சான்றாக்குவது அவசரம். இருநூறு ஆண்டுகளாக அந்த மண் ஆய்வுக்கூடத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை.

கிளேர் மாவட்டத்துக் கில்பஹாவின் கதை வேறு வகை. பெரும்பஞ்சத்தை அடுத்த ஆண்டுகளில் அங்கே கோவில் கட்ட மைக்கேல் மீஹன் சாமியார் இடம் கேட்டார். நிலப்பிரபுக்களின் காரியஸ்தர் மார்க்கஸ் கீன் மறுத்தார். கடல் ஏறி இறங்கும் கரைக்குப் பட்டாதாரர் கிடையாது. 1852இல் சாமியார் சக்கரம் வைத்த மரப்பெட்டி ஒன்றைச் செய்வித்து, நீர் வற்றும் நேரத்தில் அதை மணலுக்கு இழுத்துவரச் செய்து உள்ளே நின்று பூசை வைத்தார். சனங்கள் வெளியே, மழையானாலும் ஈரத்தில் முழந்தாளிட்டார்கள். 1857இல் மொனீனில் கோவில் எழும்வரை இப்படியே நடந்தது. ‘சின்னப் பேழை’ என்று ஊரார் சொல்லும் அந்தப் பெட்டி இன்றும் அந்தக் கோவிலில் இருக்கிறது.

இவ்வளவு பெருமைக்கு நடுவே, காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் பீடத்திலிருந்து வாசித்து ஏழையைக் கூசவைத்த சாமியாரும், தடியோடு போய் நாற்சந்தி நடனத்தைக் கலைத்த சாமியாரும் இருந்தார்கள். பிள்ளைகளின் நோட்டில் அவர்களைத் தேடுமுன் ஒன்றை யோசிக்க வேண்டும். எழுதச் சொன்னவர் பள்ளி ஆசிரியர். அந்த ஆசிரியரை வேலைக்கு வைத்த பள்ளி மேலாளரோ, பெரும்பாலும் அதே பங்குச் சாமியார்.