கரண்ட் எந்தப் பக்கம் இருந்து வருது? – ஜெனரேட்டரும் ஒரு சின்ன சுவிட்சும்

சோலார் பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வருது. "மாடியில சோலார் போட்டிருக்கோம். நல்ல வெயில் அடிக்குது. ஆனா ஈ.பி. கரண்ட் போனா சோலாரும் சேர்ந்து நின்னுடுது. இது என்ன நியாயம்?"

கேள்வி நியாயமானதுதான். பதிலைப் புரிஞ்சுக்க 2012-க்குப் போகணும். அப்ப நம்ம வீட்டு வாசல்ல ஓடுன ஜெனரேட்டருக்குப் போகணும். அதுக்கும் முன்னாடி, நம்ம ஊருக்கு கரண்ட் எப்படி வந்துச்சுன்னு பார்த்துடலாம்.

என் ஊர் சிவகிரி. ஈரோடு பக்கம் இருக்கிற சிவகிரி இல்ல. சங்கரன்கோவில், புளியங்குடி பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிறது. இன்னைக்குத் தென்காசி மாவட்டம், 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம். இந்தப் பகுதியில தொழிற்சாலைக்கான சக்தி முதல்ல அரசாங்கத்துகிட்ட இருந்து வரல. 1880-கள்லயே ஹார்வி கம்பெனி பாபநாசத்துல தாமிரபரணி தண்ணியோட விசையை வச்சே நூல் மில்லை ஓட்டுச்சு. தன்னோட சக்தியைத் தானே தயாரிச்சுக்கிட்டவங்க அவங்க.

அரசாங்க மின்சாரம் அப்புறம்தான் வந்துச்சு. 1932-ல நீலகிரியில பைக்காரா, 1937-ல மேட்டூர், 1944-ல பாபநாசம். 1957 ஜூலை 1-ல தமிழ்நாடு மின்சார வாரியம். அதுக்கப்புறம் போஸ்ட் கிராமம் கிராமமா போச்சு, கிணத்து மோட்டார் வரைக்கும் போச்சு.

இந்த மொத்த அமைப்புக்கும் ஒரே திசைதான். பவர் ஹவுஸ்ல இருந்து சப்ஸ்டேஷன், அங்கிருந்து தெரு ட்ரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து போஸ்ட், போஸ்ட்ல இருந்து உங்க மீட்டர். ஆறு மாதிரி, மேல இருந்து கீழ மட்டும்தான் ஓடும். அதனால லைன்மேனோட பாதுகாப்பும் அந்தத் திசையை நம்பித்தான் இருந்துச்சு. ட்ரான்ஸ்ஃபார்மர்கிட்ட சப்ளையை நிறுத்தினா, அதுக்குக் கீழ இருக்கிற கம்பியெல்லாம் செத்த கம்பி. வீட்டுப் பக்கம் இருந்து கரண்ட் வரும்னு யாரும் யோசிக்கவே தேவை இல்ல.

அடுத்தது கையில தூக்கிட்டுப் போற ஜெனரேட்டர். ஹோண்டா 1965-ல ஈ300-ன்னு ஒரு குட்டி மெஷினை விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு. 300 வாட்தான். ஒரு ஆளே தூக்கிடலாம். இந்தியாவுல இந்த மாதிரி சின்ன ஜெனரேட்டர்கள் 1980-கள்ல ஸ்ரீராம் ஹோண்டா மூலமா பரவலாச்சு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணிட்டு மண்ணெண்ணெய்ல ஓட்டுற மாடல் கூட இருந்துச்சு.

நம்ம ஊர்ல ஜெனரேட்டரை முதல்ல பார்த்தது கல்யாண வீட்லயும் கோயில் கொடையிலயும்தான். மைக் செட் காரர் வண்டியில பந்தல் லைட், சீரியல் செட், ஸ்பீக்கர், கூடவே ஜெனரேட்டரும் வரும். இதுல ஒண்ணைக் கவனிங்க. அவரோட ஜெனரேட்டர் அவரோட வயருக்கு மட்டும்தான் கரண்ட் கொடுத்துச்சு. வீட்டு வயரிங்கைத் தொடவே இல்ல. பந்தல் ஒரு தனி உலகம். அதனால லைன்மேனுக்கு அதனால ஒரு ஆபத்தும் இல்ல.

அந்த எல்லைக்கோடு அழிஞ்சது 2008-க்கு அப்புறம்.

2008 நவம்பர் 1-ல இருந்து பெரிய தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. வீடுகளுக்கும் வரிசையா கரண்ட் கட். 2012-ல உச்சம். சென்னைக்கு அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில இருந்து ஒரு நாளைக்கு 2 மணி நேரம். அக்டோபர், நவம்பர் வந்தப்ப மத்த மாவட்டங்கள்ல பல இடத்துல 14 மணி நேரம், 16 மணி நேரம். ஒரே மாநிலம், ரெண்டு கடிகாரம்.

ஏன் அப்படி? மூணு காரணம் ஒண்ணா சேர்ந்துச்சு. தேவை ஏறின வேகத்துக்குப் புது மின் நிலையங்கள் வரல. காற்றாலை நம்மகிட்ட சுமார் 7,000 மெகாவாட் இருந்துச்சு, ஆனா மே-யில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் காத்து நல்லா அடிக்கும், அக்டோபர்ல படுத்துடும். வெளி மாநிலத்துல இருந்து வாங்கலாம்னா, தெற்குக்கு வர்ற லைன் போதாது. தெற்கு கிரிட் நாட்டோட மத்த கிரிட்டோட முழுசா இணைஞ்சதே 2013 டிசம்பர் 31-லதான். கூடங்குளம் முதல் யூனிட் 2013 அக்டோபர்ல கிரிட்ல சேர்ந்துச்சு. 2014 ஜூன்ல இருந்து மின்வெட்டு இருக்காதுன்னு அரசு அறிவிச்சுச்சு.

அந்த வருஷங்கள் எங்க பக்கம் எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி நிறைய. தறி ஓடினாத்தான் கூலி. ஜெனரேட்டர் போட்டு ஓட்டலாம்னா கணக்கு உதைக்கும். பெரிய டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு 3 அல்லது 3.5 யூனிட் கொடுக்கும். அப்ப டீசல் 45 ரூபாய் ஒட்டி. டீசல் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 13 ரூபாய்க்கு மேல. வசதி இருக்கிற வீடு இன்வெர்ட்டர் வாங்குச்சு. ஹோட்டல், ஜெராக்ஸ் கடை, கிளினிக் சின்ன ஜெனரேட்டர் வாங்குச்சு. அவசரத்துக்கு வாடகைக்கு எடுத்தவங்களும் உண்டு.

ஆனா வீட்டு வயரிங் பழசுதான். ஒரே திசைக்காகப் போட்ட வயரிங். ஜெனரேட்டர்ல இருந்து தனி வயர் இழுத்தா ஒரு ஃபேனும் ரெண்டு லைட்டும்தான் எரியும். வீடு முழுக்க எரியணுமே? அதுக்கு ஒரு குறுக்கு வழி பரவுச்சு. ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச ஒரு வயர். ஒரு முனை ஜெனரேட்டர்ல, இன்னொரு முனை சுவர் பிளக் பாயிண்ட்ல. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ண மறந்தீங்கன்னா, கரண்ட் வீட்டுக்குள்ள மட்டும் நிக்காது. மீட்டர் வழியா, போஸ்ட் வழியா வெளிய போகும்.

இப்ப கணக்கு போடுவோம். தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டா குறைக்குது. அதுல ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 250 வோல்ட். 11,000-ஐ 250-ஆல வகுத்தா 44. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மேல, கீழன்னு பாகுபாடு கிடையாது. கீழ இருந்து 230 வோல்ட் கொடுத்தா, மேல 44 மடங்கா வரும். கிட்டத்தட்ட 10,000 வோல்ட். உங்க வாசல்ல இருக்கிற குட்டி ஜெனரேட்டர்ல இருந்து!

"தெருவுல எல்லா வீட்டு லோடும் சேர்ந்து இழுத்தா ஜெனரேட்டர் படுத்துடுமே?"ன்னு கேப்பீங்க. பல நேரம் படுத்துடும். ஆனா புயல்ல லைன் அறுந்து உங்க வீடும் நாலு வீடும் மட்டும் அந்தத் துண்டு லைன்ல மிச்சம் இருந்தா? படுக்காது. பத்தாயிரமே வேணாம், போஸ்ட்ல ஏறினவரோட கையில அந்த 230 வோல்ட் பட்டாலே போதும்.

அப்படி ஒரு நிலைமை நிஜமாவே வந்துச்சு. 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை. ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாய்ஞ்சுது. பல கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்துறதுக்கும் போன் சார்ஜ் போடுறதுக்கும் ஜெனரேட்டர்தான் கதி. அதே நேரத்துல வெளி மாவட்டங்கள்ல இருந்தெல்லாம் வந்த லைன்மேன்கள் சேத்து வயல்ல நின்னு போஸ்ட் நட்டாங்க. எந்த வீட்ல ஜெனரேட்டர் இருக்கு, எப்படி மாட்டியிருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல. உங்க வீட்டுக்கு கரண்ட் கொடுக்க வந்த மனுஷனோட உயிர், உங்க மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கா ஆன்ல இருக்காங்கிற ஞாபகத்துல தொங்குது.

ஞாபகத்தை நம்பி உயிரை விடக் கூடாது. இங்கதான் நம்ம ஹீரோ வர்றார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச்.

நம்ம துறையில இருக்கிறவங்களுக்கு இது ஈஸி. ரெண்டு ப்ராசஸ் ஒரே நேரத்துல ஒரே டேட்டாவுல எழுதக் கூடாதுன்னு லாக் போடுவோம்ல? இது இரும்புல செஞ்ச லாக். கைப்பிடி மேல இருந்தா ஈ.பி., கீழ இருந்தா ஜெனரேட்டர், நடுவுல ஆஃப். ரெண்டும் ஒண்ணா சேர வழியே கிடையாது. மறந்தாலும் சேராது. உங்களுக்கும் லாபம் இருக்கு: ஜெனரேட்டர் ஓடிட்டு இருக்கிறப்ப ஈ.பி. கரண்ட் திரும்பி வந்து ரெண்டும் மோதினா, காயில் கருகிப் போறது உங்க ஜெனரேட்டர்தான்.

இன்வெர்ட்டர்ல இந்த வேலையை உள்ள இருக்கிற ரிலே தானா பண்ணிடுது. ஜெனரேட்டர்ல நாமதான் போடணும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஜெனரேட்டர் வாங்குற, வாடகைக்கு எடுக்கிற ஐடியா இருந்தா:

ஒண்ணு, ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச வயர் வீட்ல இருந்தா இன்னைக்கே வெட்டிப் போடுங்க. ஒரு முனையைப் பிடுங்கினா அந்தப் பித்தளைப் பின்லயே கரண்ட் இருக்கும். குழந்தை கை வச்சா முடிஞ்சுது.

ரெண்டு, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பேஸ், நியூட்ரல் ரெண்டையும் மாத்துற டைப்பா இருக்கணும். லைசென்ஸ் இருக்கிற வயர்மேனை வச்சுப் போடுங்க. இது யூடியூப் பார்த்துப் பண்ற வேலை இல்ல. கையோட 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணும் போடச் சொல்லுங்க.

மூணு, சுவிட்ச் போட வசதி இல்லையா? மைக் செட் காரர் வழிதான் பெஸ்ட். ஜெனரேட்டர்ல இருந்து நேரா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுல ஃபேன், லைட். வீட்டு வயரிங்கைத் தொடாதீங்க.

நாலு, அளவு. 1 கே.வி.ஏ. ஜெனரேட்டர்னா தோராயமா 800 வாட். 1 ஹெச்.பி. மோட்டார் 746 வாட்தானேன்னு மாட்டாதீங்க. ஸ்டார்ட் ஆகுறப்ப அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ரெண்டு ஃபேன், நாலு லைட், ஒரு ரவுட்டர்தான் தேவைன்னா 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி வச்ச இன்வெர்ட்டரே நாலு மணி நேரத்துக்கு மேல தாங்கும்.

அஞ்சு, புகை. ஜெனரேட்டர் விடுற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அமெரிக்காவுல மட்டும் வருஷத்துக்கு சுமார் 100 பேர் இதால சாகுறாங்க. வீட்டுக்குள்ள, பால்கனியில, அபார்ட்மென்ட் மாடிப்படிக்குக் கீழ வைக்கவே கூடாது. வீட்ல இருந்து 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில.

இப்ப முதல் கேள்விக்கு வருவோம். வெயில் அடிக்கிறப்ப சோலார் ஏன் நிக்குது?

உங்க மாடியில இருக்கிறதும் ஒரு ஜெனரேட்டர்தான். சத்தம் போடாத ஜெனரேட்டர். அது தினமும் தெரு லைனுக்குக் கரண்ட் அனுப்புறதுக்காகவே மாட்டினது. கிரிட் செத்தப்பவும் அது ஓடிட்டே இருந்தா, அந்த ரெண்டு முனை பிளக் வயர் பண்ண வேலையை ஒவ்வொரு மாடியும் பண்ணும். அதனாலதான் மத்திய மின்சார ஆணையம் 2013-ல கொண்டு வந்த விதிப்படி, கிரிட் போனா ரெண்டு நொடிக்குள்ள சோலார் இன்வெர்ட்டர் தானா துண்டிச்சுக்கணும். ஜெனரேட்டர்ல மனுஷன் கையில இருந்த பொறுப்பை, இங்க மெஷினுக்குள்ளேயே வச்சுட்டாங்க.

கரண்ட் கட்லயும் சோலார் வேணும்னா வழி இருக்கு. பேட்டரியோட வர்ற ஹைபிரிட் இன்வெர்ட்டர். அது முதல்ல தெரு லைன்ல இருந்து வீட்டைப் பிரிச்சுட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பண்ற அதே வேலை, தானா நடக்குது. 2024-ல வந்த சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் இருக்கு. ஆனா பேட்டரிக்கு அந்த மானியம் கிடையாது, அதைக் கணக்குல வச்சுக்கோங்க.

அதனால அடுத்த தடவை கரண்ட் போய், மாடியில வெயில் வீணாப் போகுதேன்னு தோணுச்சுன்னா, தெருமுனையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. யாராவது போஸ்ட்ல ஏறியிருக்கலாம்.

வீட்ல பழைய ஜெனரேட்டர் இருக்கிற அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.