கார்புரேட்டரும் 1893-ஆம் ஆண்டும்



எங்கள் வீட்டு டிவிஎஸ் 50-இன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். "புதுசே வாங்கிடலாமே சார், இந்த வயசுல ஏன் இந்தப் பாடு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பெட்ரோல் அப்படியே எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவையைச் சமைத்துத் தருவதுதான் கார்புரேட்டர்.

1886-இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை ஓடவிட்டு ஆவியை எடுத்தார்கள். அதில் ஒரு சிக்கல். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், கனமானது அடியில் தங்கிவிடும். கலவை ஒரே சீராக இருக்காது.

1893-இல் விடை கிடைத்தது, அதுவும் இரண்டு இடங்களில். ஹங்கேரியில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் பெட்ரோலைச் சிறு துளை வழியாகக் காற்றில் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பு இருந்ததே, அதே தத்துவம்தான். குறுகிய வழியில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் திரவம் மேலேறித் தூவானமாகிறது. பெர்னூலி 1738-லேயே எழுதி வைத்த விதி, 155 ஆண்டு கழித்து வண்டி ஓட்டியது!

அதே 1893-இல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ஜி.டி. நாயுடு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அந்த மனிதருக்கு அந்த வண்டிதான் பாடப்புத்தகம்.

நம் தலைமுறைக்கு இதைக் கற்றுக் கொடுத்தது தட்டுப்பாடு. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1980-இல் டிவிஎஸ் 50 வந்தபோது, இருவர் உட்காரக்கூடிய மொபெட் என்று ஊரே அதிசயமாகப் பார்த்தது. பால்காரரும் வாத்தியாரும் ஒரே வண்டியில் போனோம். பழுதானால் தூக்கி எறிய யாருக்கும் மனசு வராது, சரிசெய்துதான் ஓட்டுவோம்.

இனி என் வண்டிக்கு வருகிறேன். நான்கு ஆண்டு ஓடாமல் நின்ற வண்டி. அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பெட்ரோல் வற்றிப் பிசினாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப் போட்டேன். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்த்தேன். அதில் குண்டூசியை விடவே கூடாது. பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிடும். பிறகு பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். மின்கம்பியின் மெல்லிய செம்பு இழையே போதும். பிறகு சைக்கிள் பம்பால் ஊதினேன். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன்; உள்ளே தளும்பினால் ஓட்டை என்று அர்த்தம். தளும்பவில்லை. மிதவை ஊசியும் கேஸ்கெட்டும் மட்டும் புதிது. உடல் விரிசல் விட்டிருந்தாலோ உள்ளே தேய்ந்திருந்தாலோ நானும் புதிதுதான் வாங்கியிருப்பேன். தேய்கிற சிறு பாகத்துக்காக நல்ல உடலை ஏன் எறிய வேண்டும்?

இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் உங்களில் ஒருவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர், அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவர், இன்று மெக்கானிக். நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட அழுத்த விதியை அவர் விரலால் அறிந்து வைத்திருக்கிறார். அவரிடம் கற்றுக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான்.

ஆனால் அவருக்கு ஒரு கவலை உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்தபின், புது வண்டிகள் பெரும்பாலும் மின்னணு எரிபொருள் பீச்சும் முறைக்கு மாறிவிட்டன. காற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதன் கோளாறைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதிக நாள் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

நாளை கார்புரேட்டர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், போகட்டும். திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அதோடு போய்விடக் கூடாது. வீட்டில் பழுதான மிக்சியோ கடிகாரமோ இருந்தால், எறிவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு திருப்புளியைக் கொடுங்கள். மின்சாரச் சாமான் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். திரும்ப மாட்ட வராவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே ஒரு பாடம்தான்.

நீங்கள் கையால் சரிசெய்த பொருள் எது? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.